புயலுக்கு ஒன்றும் ஆகவில்லை

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத் தூணில் ஒட்டியிருந்த விளம்பரத்தை நான் சரியாகத்தான் படித்தேன் என்று இன்றும் நினைக்கிறேன். மாலை நேர வகுப்பு, சான்றிதழ் உண்டு, உலகத் தரம் என்று மூன்று வரிகள் இருந்தன. எதற்கான வகுப்பு என்று சொன்ன வரி கிழிந்துபோயிருந்தது. அப்போது நான் சிப்காட்டில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். வார்த்து வந்த உருப்படிகளை அளந்து, சரியானதை ஒரு தொட்டியிலும் தவறானதை இன்னொரு தொட்டியிலும் போட வேண்டும். ஏதாவது ஒரு சான்றிதழ் இருந்தால் நிரந்தரம் ஆகிவிடலாம் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். என்ன சான்றிதழ் என்று யாரும் சொல்லவில்லை. ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவார்களோ என்று நானும் கேட்கவில்லை.

விளம்பரத்தில் இருந்த முகவரி என்னை மூடிக் கிடந்த ஓர் உருக்காலைக்குக் கொண்டுபோய் விட்டது. கொட்டகைக்குள், முன்பு உலை இருந்த பள்ளத்தின் மேல் பலகைகளைப் பரப்பி, அவற்றின்மேல் மெத்தை விரித்து, நான்கு மூலையிலும் கம்பம் நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். உலை அணைந்து பல வருடங்கள் ஆகின்றன என்றார்கள். ஆனாலும் பலகை இடுக்குகளின் வழியாக எப்போதும் ஒரு வெதுவெதுப்பான காற்று மேலே வந்துகொண்டிருந்தது. அது என் பிரமையாகவும் இருக்கலாம். வாசலில் 'அகில உலகத் தொழில்முறை மல்யுத்த மாமன்றம், தலைமையகம்' என்று எழுதியிருந்தது. உலகத்தில் வேறு எங்கே கிளை இருக்கிறது என்று கேட்டேன். தடாவில் ஒன்று இருந்ததாகவும், அது ஆந்திராவில் இருப்பதால் வெளிநாட்டுப் பிரிவாகக் கருதப்பட்டதாகவும், இப்போது இல்லை என்றும் சொன்னார்கள்.

தலைவர் ராஜமாணிக்கம் லாரி எடைமேடை வைத்திருப்பவர். வளைகுடாவிலிருந்து அவருடைய மைத்துனர் கொண்டுவந்த ஒரு பெட்டி வீடியோ கேசட்டுகளைப் பார்த்தே இந்தத் தொழிலைக் கற்றவர். உலகத்தில் தொழில்முறை மல்யுத்தம் 1987-இல் உச்சத்தைத் தொட்டது, அதன்பிறகு கெட்டுப்போனது என்பது அவருடைய முடிவு. ஆகவே 1987-க்குப் பிறகு வந்த எதற்கும் மாமன்றத்தில் இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்க வருகிறவர்களின் செல்போன்களை வாசலிலேயே ஓர் அரிசிச் சாக்கில் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். ஆட்டம் முழுக்க அந்தச் சாக்கு மூலையில் கிடந்து முனகிக்கொண்டும் ஒளிவிட்டுக்கொண்டும் இருக்கும்.

வகுப்பில் தலைவர் நான்கு நாடுகளைப் பாடமாக நடத்தினார். அமெரிக்காவை அந்தக் காலத்தில் முதலாளிகள் பிர்க்கா பிர்க்காவாகப் பிரித்துக்கொண்டு, ஒருவர் எல்லைக்குள் மற்றவர் கால் வைக்காமல் ஆண்டார்கள். ஜப்பானில் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு அடித்தார்கள். மெக்சிகோவில் முகமூடி போட்டவன் அதைக் கழற்றாமலே கல்யாணத்துக்கும் சாவுக்கும் போனான். இங்கிலாந்தில் வயதான பெண்கள் வில்லனைக் கைப்பையால் அடித்தார்கள். நான்கு நாட்டுக்கும் பொதுவாக ஒரு விதி இருந்தது. அதற்கு இங்கே பூட்டு என்று பெயர். மேடையில் நடப்பதுதான் வெளியிலும் உண்மை. மேடையில் எதிரிகள் என்றால் வீதியிலும் எதிரிகள்.

"வில்லனா வர்றவன், ரோட்ல ஒரு கெழவி தடுக்கி உழுந்தாக்கூட தூக்கக் கூடாது" என்றார் தலைவர். "தூக்கினான்னா தொழில் செத்துச்சு. ஒலகம் பூரா அப்படித்தான் இருந்தானுங்க. அதான் அப்போ ஒலகம் நல்லா இருந்துச்சு."

என் உடம்பைப் பார்த்துவிட்டு, இவன் யாரையும் அடிக்க முடியாது, இவனை அடித்தால் கேஸ் ஆகிவிடும் என்று சொல்லி என்னை நடுவர் ஆக்கினார். நடுவருக்கான பாடம் ஒரு மாலையில் முடிந்துவிட்டது. அடிகளைப் பார்க்காதது போல இருக்க வேண்டும், மூன்று வரை மெதுவாக எண்ண வேண்டும், பிறகு குறுக்குக் கை. யாருக்காவது உண்மையாகவே அடிபட்டுவிட்டால் நடுவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்கே தூக்க வேண்டும். உடனே ஆட்டம் நிற்கும், முதலுதவிக்காரர் ஓடி வருவார். உலகத்தின் எல்லா மேடைகளிலும் அது ஒன்றுதான் நிஜம் என்றும், அதை விளையாட்டுக்குத் தூக்கினவன் கை அழுகிப்போகும் என்றும் தலைவர் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது. எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

ஆட்டத்தின் கதாநாயகனுக்குப் 'பழவேற்காட்டுப் புயல்' என்று பெயர். நீல முகமூடி போட்டு வருவார். வில்லன் 'ஆரணியாற்று அரக்கன்'. அரக்கனுக்கு முகமூடி இல்லை, முகமே போதும் என்று விட்டுவிட்டார்கள். புயல் என்பது யேசுதாஸ் அண்ணன், அரக்கன் என்பது சரவணகுமார் அண்ணன். இருவரும் ஒரே கம்பி ஆலையில் லோடு ஏற்றுகிறவர்கள். ஆலைக்குப் பின்னால் ஒப்பந்தக்காரர் கட்டிக் கொடுத்த லைன் வீடுகளில் பக்கத்துப் பக்கத்து வீடு. புயலின் முகமூடிக்குள் இருப்பது யாரென்று அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது போல இருப்பது ரசிகர்களின் மரியாதை.

பூட்டு விதிப்படி இருவரும் ஷேர் ஆட்டோவில் சேர்ந்து போகக் கூடாது, ஒரே கடையில் நாஷ்டா சாப்பிடக் கூடாது. கம்பிக் கட்டை மட்டும் ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலுமாகத்தான் தூக்க முடியும் என்பதால் அதற்கு விலக்கு அளித்திருந்தார்கள். ஆனால் தூக்கும்போது முறைத்துக்கொள்ள வேண்டும். யேசுதாஸின் மனைவி மெர்சி அக்கா, சரவணனுக்குக் குழம்பு கொடுப்பதென்றால் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சுவருக்கு மேலே கிண்ணத்தை நீட்டுவார். "இவன மொறைச்சிக்கினே ரெண்டு வருசமா எனுக்குக் கண்ணு ஒன்றரை ஆயிடுச்சி தணிகா" என்று யேசுதாஸ் என்னிடம் சொல்லிச் சிரிப்பார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சரவணனின் சிரிப்பும் கேட்கும்.

பிறகு கூட்டம் குறைந்தது. கதைக் குழு கூடியது. குழுவின் தலைவர் ராமஸ்வாமி, கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருவள்ளூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். யார் யாரை எந்தக் காரணத்தால் எத்தனை முறை அடிக்க வேண்டும் என்பதை மேற்படி, கீழ்க்கண்ட என்ற சொற்களோடு எழுதித் தருபவர் அவர்தான். ஜனங்கள் அடியை நம்புவதில்லை, ரத்தத்தையும் நம்புவதில்லை, ஆனால் ஒரு முறை புயலுக்குக் கணுக்கால் பிசகி நான் குறுக்குக் கை தூக்கியபோது கொட்டகையே மூச்சுவிடாமல் நின்றதை அவர் கவனித்திருந்தார்.

"அந்த நிசப்தம் மாமன்றத்துக்குச் சொந்தமான சொத்து" என்றார். "சொத்தை உபயோகிக்காம வச்சிண்டிருக்கோம்."

தலைவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, கை அழுகும் என்பது 1987-க்குப் பிறகு யாரோ சேர்த்தது என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து புயல் விழ வேண்டும், நான் குறுக்குக் கை தூக்க வேண்டும், கூட்டம் உறைய வேண்டும், பிறகு புயல் எழுந்து அரக்கனைப் பந்தாட வேண்டும் என்று முடிவானது. முதலுதவிக்காரர் ஓடி வந்தால் காட்சி கெடும் என்பதால் அவரை டிக்கெட் கிழிக்க அனுப்பிவிட்டார்கள்.

உண்மையாகவே அடிபட்டால் எப்படித் தெரிவிப்பது என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. குழு அதை விவாதித்தது. உண்மையாக அடிபட இருப்பவர் முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று பதில் வந்தது.

அந்த வாரங்களில் கொட்டகை நிரம்பி வழிந்தது. நான் கைகளைத் தூக்குவேன். ஜனம் அடங்கும். குழந்தைகள் அழும். பிறகு நீல முகமூடி மெதுவாக அசையும், தகரக் கூரை அதிரும்படி விசில் எழும். ஒவ்வொரு தடவையும் இல்லாத ஒரு சாவை நான் அறிவித்துக்கொண்டிருக்கிறேன் என்ற எண்ணம் வரும். அறைக்குப் போய்ப் படுத்தால் கைகள் தலைக்கு மேலேயே இருப்பது போல இருக்கும். தொட்டுப் பார்த்துக் கீழே வைப்பேன்.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு மாலை சரவணன் யேசுதாஸைத் தோளுக்கு மேலே தூக்கி முதுகுப்பக்கமாகக் கீழே விட்டார். எப்போதும் செய்கிற வித்தைதான். மெத்தைக்கு அடியில் ஒரு பலகை நனைந்து விலகியிருந்தது. சத்தம் வேறு மாதிரி வந்தது. நான் குனிந்தபோது முகமூடியின் ஓட்டைகளுக்குள் அவருடைய கண்கள் என்னைத் தேடின.

"தணிகா, எனுக்குக் கால் கீதா பாரு" என்றார்.

இருக்கிறது அண்ணா என்றேன். அவர் கேட்டது அதுவல்ல என்று அதைச் சொன்ன பிறகுதான் புரிந்தது. எழுந்து குறுக்குக் கை தூக்கினேன். கூட்டம் உறைந்தது. பழகிய உறைதல். நான் கைகளை இறக்கி மறுபடி தூக்கினேன். மறுபடியும் மறுபடியும் தூக்கினேன். பின்வரிசையில் யாரோ அதற்குத் தாளம் போட்டுக் கைதட்டத் தொடங்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். என் கைகள் மேலே போகும்போதெல்லாம் ஒரு தட்டு. தலைவர் மேடையோரத்தில் நின்று, அப்படித்தான், அப்படித்தான் என்று தலையாட்டினார். இத்தனை நாள் நான் சரியாகச் செய்யவில்லை என்றும் அன்றைக்குத்தான் எனக்கு உயிர் வந்திருப்பதாகவும் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாராம்.

சரவணனுக்குத்தான் முதலில் புரிந்தது. மண்டியிட்டு யேசுதாஸின் தலையை அசையாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அரக்கன் ஏதோ வஞ்சகம் செய்கிறான் என்று ஜனம் கத்தியது. தண்ணீர் பாட்டில்கள் அவர் முதுகில் வந்து விழுந்தன. உதை, உதை என்று தலைவர் சைகை காட்டினார். சரவணன் உதைக்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

குட்டி யானை வண்டியில் பலகை போட்டு, அதன்மேல் யேசுதாஸைக் கிடத்தி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். முகமூடியைக் கழற்ற ராமஸ்வாமி அனுமதிக்கவில்லை. மெக்சிகோவில் வழக்கமில்லை என்றார். பணியில் இருந்த டாக்டர் பூமிகா கத்தரிக்கோலைக் கேட்டதும், கிழிக்காமல் கழற்றுவதென்றால் ஆட்சேபம் இல்லை என்று இறங்கி வந்தார். எப்படி விழுந்தார் என்று டாக்டர் கேட்டார். "எதிராளியின் வஞ்சகத்தால்" என்றார் ராமஸ்வாமி. தலை முன்னால் மடங்கியதா பின்னால் மடங்கியதா, எவ்வளவு உயரம், விழுந்த பிறகு புரட்டினீர்களா என்று டாக்டர் அடுக்கினார். ராமஸ்வாமி என்னைப் பார்த்தார். நான் யேசுதாஸின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேனா, தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேனா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. தெரிந்தவர் சரவணன் ஒருவர்தான். அவர் மருத்துவமனைக்கு எதிரே ஒரு லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வில்லன் கதாநாயகனைப் பார்க்க வருவது பூட்டு விதிக்கு விரோதம். அதைவிட, வாசலில் திரண்டிருந்த ரசிகர்கள் அவரைக் கண்டால் அங்கேயே அடித்துப் போட்டிருப்பார்கள்.

கழற்றி வைத்த முகமூடி என் கையில் இருந்தது. யோசித்திருந்தால் வேறு வழி தோன்றியிருக்குமோ என்னவோ. நான் அதைச் சட்டைக்குள் வைத்து எடுத்துப் போய் லாரிக்குப் பின்னால் சரவணனிடம் கொடுத்தேன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே உயரம். அவர் அதை மாட்டிக்கொண்டு சாலையைக் கடந்தார். ரசிகர்கள் விலகி வழி விட்டார்கள். பிறகு விசில். புயல் நடக்கிறான், தன் காலால் நடந்து ஆஸ்பத்திரிக்குள் போகிறான். ஒருவர் தேங்காய் உடைத்தார். உள்ளே போன சரவணன் தலை எப்படி மடங்கியது என்பதை டாக்டரிடம் தன் கழுத்தையே வளைத்துக் காட்டினார். காட்டும்போது அழுதுகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். முகமூடி நனைந்திருந்தது.

அவர் சொன்ன தகவல் உதவியது என்று டாக்டர் சொன்னார். உயிர் பிழைத்தது. சென்னைக்கு அனுப்பி, கழுத்தில் தகடு வைத்து, நீண்ட நாள் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கைகள் கொஞ்சம் அசைந்தன. கால்களுக்கு இனி அசைவு இல்லை.

மாமன்றம் இதற்குள் விசாரணை நடத்தி முடித்திருந்தது. முடிவை ராமஸ்வாமி வாசித்தார். "மேற்படி ஞாயிறன்று நிகழ்ச்சிக் கதையில் புயல் விழுவதாக உள்ளது. பின்னர் எழுவதாகவும் உள்ளது. விழுந்ததற்கு அறுநூறு பேர் சாட்சி. தன் காலால் நடந்து மருத்துவமனைக்குள் சென்றதற்கும் ஏராளமானோர் சாட்சி. ஆகவே கதைக்குப் புறம்பாக எதுவும் நிகழவில்லை. புயலுக்கு ஒன்றும் ஆகவில்லை." இரண்டாவது தீர்மானம் சரவணனைப் பற்றியது. மேடையில் பகிரங்கமாகக் கருணை காட்டியதற்காக அவரைக் கண்டித்தது. முகமூடி விஷயத்தைச் சொல்ல நான் எழுந்தேன். அது எனக்குத் தெரிந்திருக்க முடியாது, நடுவருக்கு எதுவும் தெரியாமல் இருப்பதுதான் விதி என்றார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

யேசுதாஸ் விழுந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே புயல் மேடை ஏறியது. முகமூடிக்குள் பார்த்திபன், தலைவரின் எடைமேடையில் வேலை பார்ப்பவன். நான் எண்ணினேன், புயல் ஜெயித்தது. வாராவாரம் ஜெயித்தது. லைன் வீட்டில் யேசுதாஸ் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கொட்டகை விசில் அங்கே வரைக்கும் கேட்கும். யார் ஜெயித்தது என்று ஒவ்வொரு வாரமும் என்னைக் கேட்பார். நீங்கள்தான் அண்ணா என்பேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இருட்டுகிற நேரத்தில் சரவணன் பின்பக்கமாக வந்து அவரைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துவிட்டுப் போவார். இப்போதும் தெருவைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

தொல்லை கம்பி ஆலையிலிருந்து வந்தது. ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் அன்புராஜ், ஞாயிறு தவறாமல் முதல் வரிசையில் உட்காருகிற ரசிகர். ஞாயிற்றுக்கிழமை ஆளைத் தூக்கி எறிகிறவன் திங்கட்கிழமை கம்பி தூக்க மாட்டானா என்று கேட்டார். வேலைக்கு வராதவனுக்கு லைன் வீடு கிடையாது. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். மெர்சி அக்கா ஆஸ்பத்திரிச் சீட்டுகளைக் காட்டினார். வந்து நேரில் பார்க்கச் சொன்னார். அன்புராஜ் மறுத்துவிட்டார். யேசுதாஸ் நடிக்கத் தெரிந்த ஆள், நான் வருகிறேன் என்று தெரிந்தால் படுத்துக்கொள்வான் என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட அரைமனதாகத்தான் பரிதாபப்பட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களும் கொட்டகைக்குப் போகிறவர்கள்தானே.

மெர்சி அக்கா மாமன்றத்துக்கு வந்தார். நான் கூட்டி வந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். மேடையில் மைக்கைப் பிடித்து, இப்போது முகமூடி போட்டிருப்பது யேசுதாஸ் இல்லை, அவர் விழுந்து கிடக்கிறார் என்று ஒரு தரம் சொல்லுங்கள். அன்புராஜ் கேட்டால் போதும்.

தலைவர் அவருக்கு நாற்காலி போடச் சொன்னார். நிஜமாகவே வருத்தமாகத்தான் பேசினார்.

"நீயே சொல்லும்மா. சண்ட நெஜம்னு சொன்னா போலீஸ் வருவான், மனுசன ஒடைச்சிட்டியேன்னு. பொய்னு சொன்னா ஜனம் வருவான், ஏமாத்திட்டியேன்னு. ரெண்டுத்துக்கும் நடுவுல துளியூண்டு எடம் கீது. ஒலகம் பூரா எங்க தொழிலு அந்த எடத்துலதான் குடியிருந்துச்சு."

"அந்த எடத்துல இப்ப என் ஊட்டுக்காரரு படுத்துக்கினு கீறாரு ஸார்" என்றார் மெர்சி அக்கா. "நீங்க கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க."

தலைவர் உண்மையாகவே நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். பிறகு, முகமூடிக்குள் யார் என்று சொல்வது எந்த நாட்டிலும் வழக்கமில்லை என்று ராமஸ்வாமி முடித்துவைத்தார். யேசுதாஸ் குணமடைய வேண்டும் என்று மாமன்றத்தின் சார்பில் பிரார்த்திக்கலாமா என்று ஒருவர் கேட்டார். நன்றாக இருப்பவருக்குப் பிரார்த்தனை செய்தால் சந்தேகம் வரும் என்று அதுவும் கைவிடப்பட்டது.

அந்த வாரத்தில் பார்த்திபன் முகமூடியைத் தலைவர் மேஜைமேல் வைத்துவிட்டு ஓடிப்போனான். பஸ் நிறுத்தத்தில் அவனைப் பார்த்தேன். "அத்த மாட்னா உள்ள ஏற்கெனவே ஒருத்தர் மூச்சு உட்டுக்கினு கீறாரு தணிகா" என்றான். "நான் இழுக்க சொல்லோ அவரு உடறாரு. பேஜாரா கீது. எனுக்கு எடைமேடையே போதும்."

தலைவர் ஆள் தேடினார். நான் போட்டுக்கொள்கிறேன் என்றேன். என் உடம்பை அவர் மறுபடி பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு ஆள் இல்லை. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த சட்டை கொடுத்தார்கள், எண்ணுகிற வேலையை டிக்கெட் கிழிப்பவரிடம் விட்டார்கள். அந்த மாதத்தின் கடைசி ஞாயிறு அது. மறுநாள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

முகமூடியை மாட்டியபோது பார்த்திபன் சொன்னது போல எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது. பழைய வியர்வையின் வாசனை மட்டும் இருந்தது. மேடை ஏறியதும் கூட்டம் என்னைப் பார்த்துப் புயலே என்று கத்தியது. என்னை இவ்வளவு பேர் இவ்வளவு அன்பாக அதற்கு முன்பு கூப்பிட்டதில்லை. ஒரு நிமிடம், சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. எதிரே சரவணன் நின்றார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. பலகைகளுக்கு அடியிலிருந்து அந்தக் காற்று என் கணுக்காலில் பட்டது. நான் அறிவிப்பாளரிடமிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டு முகமூடியைக் கழற்றினேன்.

கொட்டகையில் அதுவரை நான் கேட்காத ஓர் அமைதி. என் பெயர் தணிகைவேல், நான்தான் உங்கள் நடுவர் என்றேன். யேசுதாஸ் அண்ணன் விழுந்த அன்றைக்கே கால் போய்விட்டது, லைன் வீட்டில் படுத்திருக்கிறார், இத்தனை வாரம் நீங்கள் பார்த்தது அவரை இல்லை என்றேன். மைக்கின் பொத்தானைப் போட்டேனா என்று நடுவில் ஒரு முறை சரிபார்த்தேன்.

தலைவர் மேடையேறி மைக்கை வாங்கினார். அவர் திகைக்கவே இல்லை. "ரசிகப் பெருமக்களே, நம்ம புயலோட முகமூடிய இந்தத் துரோகி திருடிட்டான்" என்று ஆரம்பித்தார். கூட்டம் என்னைப் பார்த்து ஊளையிட்டது. புதுக் கதை பிறந்துவிட்டது. அப்போதுதான் முதல் வரிசையிலிருந்து அன்புராஜ் எழுந்தார். "இவன் திருடன்னா, புயல் எங்க? லைன் ஊட்லதான கீறான்றான்? வாங்கடா, போய்ப் பாத்துடலாம்" என்றார்.

அறுநூறு பேரும் எழுந்தார்கள். சரவணன் கயிற்றைத் தாண்டிக் குதித்து எல்லோருக்கும் முன்னால் ஓடினார்.

லைன் வீட்டுத் தெரு அவ்வளவு பேருக்குப் போதாது. நான் நெருக்கித் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது ஒற்றை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யேசுதாஸ் ஒருக்களித்துக் கிடந்தார். அரக்கன் வேஷத்தைக் கலைக்காமலே, முகத்தில் வியர்வை வழிய, சரவணன் அவர் தோளைத் தாங்கி, வாயோரத்தில் வழிந்த கஞ்சியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன்னால் வந்தவர்கள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள். புயலைப் பார்த்தார்கள், அரக்கனைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் மெதுவாக, "இதுவும் கதையா?" என்று கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை.

அன்புராஜ் உள்ளே வந்தார். பைக் சாவியை எடுத்து யேசுதாஸின் உள்ளங்காலில் அழுத்தினார். இன்னும் அழுத்தினார். சரவணன் அவர் கையைப் பிடிக்கப் போனார், மெர்சி அக்கா தடுத்துவிட்டார். பார்க்கட்டும் என்றார். பாதத்தில் குழி விழுந்து, அப்படியே இருந்தது. அன்புராஜ் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சரிம்மா. நான் காண்ட்ராக்டராண்ட சொல்லிக்கிறேன்" என்றார். "எழுந்து நடக்கிற வரிக்கும் இங்கியே இருக்கட்டும்."

மெர்சி அக்கா அவரையே பார்த்தார். "அப்போ இந்த ஊட்ட எங்க பேருக்கே எழுதிக் குடுத்துடுங்க ஸார்."

அன்புராஜுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. யேசுதாஸுக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் சிரித்தார். கழுத்துத் தகடு அனுமதித்த அளவுக்கு, தோள் குலுங்க, சத்தமாகவே சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் கேட்டது அவர் விழுந்த பிறகு அன்றைக்குத்தான்.

சிரிப்புச் சத்தம் வெளியே போய்விட்டது. வாசலில் நின்றவர்கள், அசைகிறார், அசைகிறார் என்று பின்னால் சொன்னார்கள். தெருவில் விசில் கிளம்பியது. தலைவர் வந்து சேர்ந்துவிட்டிருந்தார். துணி துவைக்கிற கல்மேல் ஏறி நின்று, யாரும் கலைய வேண்டாம், மாமன்றத்தின் சரித்திரத்திலேயே இது மிக நீண்ட ஆட்டம் என்று அறிவித்தார். பக்கத்தில் ராமஸ்வாமி கண்களை மூடிக்கொண்டு நின்றார். விசில் அடங்கி, தெரு முழுக்க நிசப்தம் வந்தபோது அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது.

மெர்சி அக்கா கதவைச் சாத்தினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்புராஜும் போகவில்லை, கூட்டத்தோடு நின்றுகொண்டிருந்தார். பின்னால் இருந்தவர்கள் முன்னால் இருந்தவர்களிடம் எழுந்துவிட்டாரா என்று கேட்டார்கள். "இன்னும் இல்ல" என்று ஒருவர் சொன்னார். அதை அடுத்தவர் அவருக்குப் பின்னால் இருந்தவரிடம் சொன்னார். இன்னும் இல்ல, இன்னும் இல்ல என்று அந்தச் சொல் வரிசை வரிசையாக, லைன் வீடுகளைத் தாண்டி, ஆலைச் சுவரைத் தாண்டி, எனக்குக் கேட்காத தூரம்வரை போய்க்கொண்டே இருந்தது.